ஊற்றினேனா, இல்லையா

அன்று எங்கள் ரத்த ஆய்வுக்கூடத்தில் காலைக் காபியை யாரும் தொடவில்லை. வடக்கே குளிர்நாட்டில் இருக்கும் எங்கள் உமியோ நகரத்தில் ஓர் ஆபீஸ் காபி வேளையைத் தள்ளிப் போடுகிறது என்றால் ஒன்று கட்டடம் தீப்பிடித்திருக்க வேண்டும், இல்லை எல்லையில் போர் மூண்டிருக்க வேண்டும். கூடத்தில் மூத்தவளான மை-லிஸ் வீட்டிலிருந்து சுட்டு எடுத்து வந்த ஏலக்காய் ரொட்டிகள் தட்டில் வைத்தது வைத்தபடி ஆறிக்கொண்டிருந்தன.

காரணம் இதுதான்: எல்லாக் குழாயும் திரண்டுகொண்டது.

ஒருவருடைய பிளாஸ்மாவில் இன்னொருவருடைய சிவப்பணுக்களைக் கலந்தால், ஒத்துப்போகிறவை தனித்தனியாக மிதக்கும். ஒத்துப்போகாதவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியாகும். ரத்த வங்கி வேலையின் சாரம் இவ்வளவுதான், மீதியெல்லாம் கை சுத்தமும் கவனமும். அன்று வந்த குழாய் ஆற்றோரத்து ஊர் ஒன்றைச் சேர்ந்த அறுபத்தொரு வயதுப் பெண்மணியுடையது. இரண்டு வாரத்தில் அவருக்கு இதய வால்வு அறுவைச் சிகிச்சை. அதற்கு முன்னால் அவருக்கு ஏற்ற ரத்தத்தை எடுத்து வைக்க வேண்டும். அவருடைய பிளாஸ்மாவைக் சோதனைக்கென்று விலைக்கு வாங்கி வைத்திருக்கும் அணுக்கள் ஒவ்வொன்றோடும் சேர்த்துப் பார்த்தோம். வழக்கமாக ஒன்றிரண்டு திரளும். அதை வைத்து அவருக்கு எது ஆகாது என்று கண்டுபிடிப்போம். இவருக்கு எதுவுமே ஆகவில்லை. அவருடைய சொந்த அணுக்களைத் தவிர உலகத்தில் யாரோடும் ஒத்துப்போகவில்லை. குணத்தில் அப்படிச் சிலரை எனக்குத் தெரியும். ரத்தத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மை-லிஸ் ஒரு குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். இந்த இடத்திலேயே தலை நரைத்தவள் அவள். அடுத்த வருடம் ஓய்வு.

"இது நம்ம ஆத்தங்கரை ரத்தம்," என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஏனென்றால் அதைப் பற்றி நான் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஏறக்குறைய உலகத்தில் எல்லோருடைய சிவப்பணுவின் மேலும் இருக்கிற ஒரு குறிப்பிட்ட சர்க்கரைத் துணுக்கு இவர்களுக்கு மட்டும் இருக்காது. பத்து லட்சம் பேரில் அப்படி நான்கைந்து பேர் தேறினால் அதிகம். எங்கள் மாவட்டத்தில் மட்டும் அதைவிடக் கூடுதல். ஆற்றை ஒட்டிய ஊர்களில் அந்தக் காலத்தில் பக்கத்து வீட்டில் பெண்ணெடுத்து எதிர்வீட்டில் பெண் கொடுத்ததால் வந்த சொத்து. புத்தகத்தில் படித்ததை ஒருவன் கண்ணால் பார்ப்பது எத்தனை தடவை நடக்கும்? நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே இருந்தேன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் சிக்ஸ்டன். முப்பது வயதுவரை அண்ணன் பிர்கரோடு விண்டெல்ன் பக்கத்துக் காடுகளில் மரம் வெட்டும் இயந்திரம் ஓட்டினேன். ஒரு முறை காய்ச்சலில் விழுந்து ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது, இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று டாக்டரிடம் கேட்டேன். லேபில் பார்ப்பார்கள் என்றார். லேபில் எப்படிப் பார்ப்பார்கள் என்றேன். அவருக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்வி எனக்குள் பூச்சி மாதிரி குடைந்துகொண்டே இருந்தது. முதியோர் கல்விப் பள்ளியில் வேதியியலை மறுபடி படித்து, உயிர்மருத்துவ ஆய்வுப் படிப்பில் சேர்ந்துவிட்டேன். வகுப்பில் பெரும்பாலும் பெண்கள். ஆண்களை விரல் விட்டு எண்ணலாம். அதிலும் கையில் மரப் பிசின் வாசனையோடு வந்தவன் நான் ஒருவன்தான்.

அந்த மூன்று வருடமும் எனக்குத் திருவிழா. சிறுநீரகத்தின் ஒரு மெல்லிய சீவலுக்குச் சாயமேற்றி முதல் முறை நுண்ணோக்கியில் பார்த்த அன்று, வகுப்பிலிருந்து வெளியே ஓடிவந்து பிர்கருக்குப் போன் செய்தேன். அவன் ஒரு தேவதாரு மரத்தைப் பாதி அறுத்துக்கொண்டிருந்தான். சிறுநீரகம் எவ்வளவு அழகு தெரியுமா என்று கேட்டேன். மரம் விழுந்ததும் சொல் என்று வைத்துவிட்டான்.

இப்போது கடைசிப் பருவம், செய்முறைப் பயிற்சி. இதில் தேறினால் கோடை முழுக்க இதே கூடத்தில் வேலை, பிறகு நிரந்தரமாகவும் வாய்ப்பு உண்டு. தேறாவிட்டால் இலையுதிர் காலத்தில் மறுபடி முதலிலிருந்து. கோடையில் காட்டுக்குத் திரும்ப வேண்டும். பிர்கர் அதற்குத்தான் காத்திருந்தான்.

"நடுக்கோடைத் திருநாளுக்குள்ள நீ வந்துடுவடா," என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொல்லுவான். "சீட்ல நீ உக்காந்த பள்ளம் அப்படியே இருக்கு. யாரையும் உக்கார விடல."

பாசம்தான். ஆனால் அந்தப் பள்ளத்தில் மறுபடி உட்கார எனக்கு மனசில்லை.

என் பயிற்சி தூவாவின் கையில் இருந்தது. தூவா என்னைவிடச் சின்னவள், தெற்கிலிருந்து வந்தவள், வாயில் உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு பேசுகிற ஊர்க்காரி. எங்கள் பக்கத்தில் "ஆமாம்" என்பதற்கு உதட்டைக் குவித்து மூச்சை உள்ளே இழுப்போம், அவ்வளவுதான். மை-லிஸ் அப்படி இழுப்பதைப் பார்த்துவிட்டு, முதல் மாதம் முழுக்க அவளுக்கு ஆஸ்துமா என்று தூவா நினைத்திருந்தாளாம். நான்தான் அவளுடைய முதல் மாணவன். அதனால் எனக்கு இருந்த பயத்தில் பாதி அவளுக்கும் இருந்தது. அதை மறைக்கக் கண்டிப்பாக இருந்தாள்.

முதல் வாரத்திலேயே நான் மாட்டிக்கொண்டேன். பயிற்சிக்காகக் கொடுத்த வரிசையில் ஒரு குழாயில் பிளாஸ்மாவை ஊற்றாமல் விட்டுவிட்டேன். பிளாஸ்மா இரண்டு துளிதான், வெளிறிய நிறம், அது இல்லாமல் போனாலும் கண்ணுக்குத் தெரியாது. பிளாஸ்மா இல்லாத குழாய் திரளாது. திரளாத குழாய் "இந்த ரத்தம் பொருந்தும்" என்று சொல்லும். எங்கள் தொழிலில் அதைவிட மோசமான பொய் கிடையாது. யானைக்கும் அடி சறுக்கும் என்று சிரித்து மழுப்பினேன்.

"சறுக்கட்டும்," என்றாள் தூவா. "ஆனா இங்க சறுக்கினா கீழ விழறது யானை இல்ல. மேல் மாடியில படுத்திருக்கிற நோயாளி."

பிறகு குரலை உயர்த்தாமலே இன்னொன்றும் சொன்னாள். "இன்னொரு தடவை நான் 'ஊத்தினியா'ன்னு கேட்டு, நீ 'தெரியல'ன்னு பதில் சொன்னா, இலையுதிர் காலத்துல திரும்ப வா. முதல் நாள்லேர்ந்து ஆரம்பிக்கலாம்."

அதிலிருந்து நான் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு வேலை பார்த்தேன். அவள் ஒரு குறையும் சொல்லவில்லை, ஒரு நல்ல வார்த்தையும் சொல்லவில்லை. பயிற்சி முடிய இன்னும் சில நாட்கள்தான்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் காலை வந்தது.

தூவா போனைக் கீழே வைக்கவே இல்லை. இப்படிப்பட்ட ரத்தத்தை உறைய வைத்துச் சேமிக்கிற இடங்கள் சில உண்டு. தெற்கே ஒன்று, ஹாலந்தில் ஒன்று. எல்லோரும் பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். ஒரு பை நிச்சயம் இருக்கிறது, இன்னொன்று பழையது, உருக்கினால் தேறுமா தெரியாது. மேலேயிருந்து அறுவைச் சிகிச்சை டாக்டர் வேறு கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு பையை நம்பி நெஞ்சைத் திறக்க முடியாது, தேதியைத் தள்ளிப் போடுகிறேன் என்றார். தள்ளிப் போட்டால் அந்த அம்மாளின் வால்வு அதுவரை பொறுக்குமா என்று தூவா திருப்பிக் கேட்டாள்.

ஒரு கையால் போனை மூடிக்கொண்டு எனக்கு வேலை சொன்னாள். விலைக்கு வாங்கும் சோதனை அணுக்களை ஒரு திரவத்தில் போட்டுத்தான் அனுப்புவார்கள். சில சமயம் அந்தத் திரவத்துக்கே நோயாளியின் பிளாஸ்மா சண்டைக்கு நிற்கும், நாம் ரத்தத்தின் மேல் பழி போட்டுவிடுவோம். அதனால் அப்போதே எடுத்த புது ரத்தத்தோடும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். ஓ வகைக்காரர்கள் யாராக இருந்தாலும் சரி. இது வெறும் சம்பிரதாயம், எல்லாம் திரளத்தான் போகிறது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்று கூடத்தில் ஓ வகை இரண்டு பேர். மை-லிஸ், நான். நான் அவளுக்கு ஊசி குத்தி ரத்தம் எடுத்தேன், அவள் எனக்கு எடுத்தாள். அப்போதே தன் நாய் வீட்டு நீராவிக் குளியலறைக்குள் மாட்டிக்கொண்ட கதையையும் ஆரம்பித்துவிட்டாள். கதை நீளமானது. நாயும் சாதாரண நாய் இல்லை. நான் சிரித்துக்கொண்டே அந்த அம்மாளின் பிளாஸ்மாவோடு எங்கள் அணுக்களைக் கலக்க இரண்டு குழாய்களைத் தயார் செய்து, சூட்டில் வைத்து, மூன்று தடவை உப்புத் தண்ணீரில் அலசி, திரளுவதைக் காட்டிக்கொடுக்கும் கடைசி மருந்தைச் சேர்த்துச் சுழற்றினேன்.

மை-லிஸின் குழாயை முதலில் சாய்த்தேன். அடியில் இருந்த சிவப்புப் பொட்டு ஒரே கட்டியாகப் பெயர்ந்து வந்தது. சரி.

என்னுடையதைச் சாய்த்தேன். பொட்டு புகை மாதிரி மெல்லக் கலைந்தது. மறுபடி சாய்த்தேன். கட்டி இல்லை. ஒரு துணுக்குகூட இல்லை. குழாய் முழுக்க வழவழவென்று ஒரே சிவப்பு.

என் ரத்தத்தில் ஏதோ விசேஷம் என்று ஒரு நொடியும் தோன்றவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். அந்த வகையைப் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவன், அதே ஆற்றங்கரையில் பிறந்தவன், எனக்கு அது உறைக்கவே இல்லை. லேபில் வேலை பார்க்கிறவனுக்கு இது ஒரு வியாதி. தன்னுடைய ரத்தம்தான் உலகத்திலேயே சாதாரண ரத்தம் என்று நினைப்பான். முதல் வருடம் விரல் நுனியில் குத்தி ஓ என்று பார்த்ததோடு சரி. ஒரு தடவை தானம் கொடுக்கப் போனபோது, கையில் புதிதாகப் பச்சை குத்தியிருந்ததால் ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். அப்புறம் அதை மறந்தேபோனேன்.

எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: மறுபடியும் ஊற்றாமல் விட்டுவிட்டேன்.

ஊற்றினேனா? மை-லிஸின் குழாயில் ஊற்றியது நன்றாக நினைவிருந்தது. அதற்குப் பிறகு நாய் கதவைச் சுரண்டியது நினைவிருந்தது. என் குழாயில் ஊற்றியது நினைவுக்கு வரவே இல்லை. குழாயைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. மூன்று தடவை அலசியாயிற்று, சாட்சி சாக்கடைக்குப் போய்விட்டது.

தூவா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஹாலந்தோடு பேசிக்கொண்டிருந்தாள். மை-லிஸ் குழாய்களில் பெயர்ச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். என் முழங்கைக்குப் பக்கத்தில் மஞ்சள் நிறக் கழிவு வாளி. குழாயைக் கவிழ்த்துவிட்டுப் புதிதாக ஒன்று வைத்தால் ஒருவருக்கும் தெரியாது. கோடை வேலையும் போகாது, பிர்கருடைய சீட்டும் தூசி படிந்தே கிடக்கும். என் கை வாளிவரைக்கும் போனது. அதை நான் மறைக்கவில்லை.

ஆனால் அந்தக் கையில் இருந்தது பயிற்சிக் குழாய் இல்லை. அதில் ஊற்றியதோ, ஊற்றாமல் விட்டதோ, நிஜமான ஒருத்தியின் பிளாஸ்மா. அவளுக்கு என்ன ரத்தம் ஆகும் என்று முடிவு செய்ய அதைத்தான் பார்க்கப் போகிறார்கள். எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. நாயின் மேலும் வந்தது.

"தூவா, கொஞ்சம் வா," என்றேன்.

போனோடு திரும்பிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்ததும் ஹாலந்துக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டாள். வந்து குழாயை வாங்கிச் சாய்த்துப் பார்த்தாள். ஓரமாக இருந்த புட்டியிலிருந்து ஒரு துளி விட்டுச் சுழற்றினாள். அந்தத் துளியில் இருக்கும் அணுக்கள் கடைசி மருந்து வேலை செய்தால் திரளும், செய்யாவிட்டால் திரளாது. திரண்டது. ஆக, மருந்து சேர்த்திருக்கிறேன், ஒழுங்காக அலசியிருக்கிறேன். மிச்சம் ஒரே சந்தேகம்தான். அது என்ன என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

"ஊத்தினியா?" என்று கேட்டாள்.

மை-லிஸ் சீட்டு ஒட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"தெரியல," என்றேன். "ஊத்தினேன்னுதான் நினைக்கிறேன். ஆனா சத்தியம் பண்ண முடியாது."

தூவா குழாயை அதன் இடத்தில் வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை. கோடை வேலை அந்த நிமிடமே கையை விட்டுப் போனதாகத்தான் நினைத்தேன். காது சூடாகிவிட்டது.

"திரும்பச் செய்," என்றாள். "நான் இங்கயே நிக்கிறேன்."

நான் வேலை கற்றுக்கொண்ட காலத்தில் எப்போதும் அவ்வளவு மெதுவாக அதைச் செய்ததில்லை. பிளாஸ்மாவை விட்டேன். குழாயைத் தூக்கிக் காட்டினேன். பார்த்தாள். அணுக்களை விட்டேன். பார்த்தாள். சூட்டில் வைத்துவிட்டுக் காத்திருந்தோம். மை-லிஸ்கூட நாயைப் பாதியில் விட்டுவிட்டாள். அலசினேன், மருந்தைச் சேர்த்தேன், சுழற்றினேன்.

சாய்த்தேன்.

புகை. வழவழவென்று ஒரே சிவப்பு.

எனக்கு முதலில் புரியவில்லை. தூவாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் கழுத்தில் சிவப்பு ஏறுவதைப் பார்த்தேன். மை-லிஸ் மூச்சை உள்ளே இழுத்தாள், நீளமாக. அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. குழாய் காலி இல்லை. இரண்டு முறையும் காலி இல்லை. உலகத்தில் யாரோடும் ஒத்துப்போகாத ஒருத்தி என்னோடு ஒத்துப்போகிறாள்.

நான் குழாயை மறுபடி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். தூவா சட்டென்று கையை நீட்டினாள்.

"அதைக் கீழ வை. கையை எடு."

"ஏன், இன்னொரு தடவை பாக்கறேனே."

"பாக்கக் கூடாது. இனிமே நீ லேப் ஆள் இல்ல. நீ சாம்பிள். வெளிய போ."

அவள் சொன்னது நியாயம்தான். தன் ரத்தத்தின் முடிவைத் தானே பார்க்கக் கூடாது என்பது எங்கள் சட்டம். தன் மருத்துவப் பதிவேட்டைத் திறந்து பார்ப்பதுகூடக் குற்றம். இதுவரை என் அணு ஒரு சாமான் மாதிரி, யாரும் கேட்கவில்லை. இப்போது அதுவே செய்தியாகிவிட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, என் வாழ்க்கையின் மிகப் பெரிய சோதனை நடக்கப்போகும் நேரத்தில் என் வெள்ளைக் கோட்டைக் கழற்றச் சொன்னார்கள். மை-லிஸ் என் கையிலிருந்து புதிதாக ஒரு குழாய் ரத்தம் எடுத்தாள், யாரோ அந்நியனிடம் கேட்பதுபோலப் பெயரும் பிறந்த தேதியும் கேட்டு எழுதினாள். பிறகு கதவைச் சாத்திவிட்டாள்.

வெளியே தானம் கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் இடம். ஒரு கண்ணாடிச் சுவர் வழியாகக் கூடத்தின் பாதி தெரியும். நான் அதற்கு நேராக ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். பக்கத்தில் கையில் கட்டோடு ஒரு பெரியவர் பழச்சாறு குடித்துக்கொண்டிருந்தார். என் கால் ஆடுவதைப் பார்த்து, முதல் தடவையா என்று பரிவாகக் கேட்டார். ஆமாம் என்றேன். ஒன்றும் ஆகாது, எறும்பு கடிக்கிற மாதிரிதான் என்று தைரியம் சொல்லித் தன் பிஸ்கட்டில் ஒன்றைக் கொடுத்தார்.

கண்ணாடிக்கு அப்பால் தூவா உட்கார்ந்திருந்தாள். குழாய்க்குள் இருப்பது எனக்குத் தெரியவில்லை, அவ்வளவு தூரம். ஆனால் மணிக்கட்டு தெரிந்தது. குழாய் படிக்கிறவர்களின் மணிக்கட்டைப் பார்த்தே முடிவைச் சொல்லிவிடலாம். திரண்ட குழாய்க்கு வேலையே இல்லை, ஒரு சாய்ப்பு, கட்டி பெயர்ந்து வரும், கீழே வைத்துவிடலாம். திரளாத குழாயைத்தான் விட மனசு வராது. ஏதாவது ஒரு துணுக்காவது ஒளிந்திருக்கிறதா என்று சாய்த்துச் சாய்த்துப் பார்ப்போம்.

முதல் குழாயைத் தூவா எடுத்தாள். ஒரு சாய்ப்பு, வைத்துவிட்டாள். அது மை-லிஸ் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவதும் ஒரே சாய்ப்பு. அது என்னுடையதாக இருந்தால், நான் இரண்டு தடவை செய்த வேலையிலும் ஏதோ கோளாறு, நான் வேறு தொழில் பார்க்கலாம். நல்லவேளை, அது ஒப்பிட்டுப் பார்க்கும் குழாய்தான் போல, மூன்றாவதை எடுத்தாள். சாய்த்தாள். வைக்கவில்லை. விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். மறுபடி சாய்த்தாள். நிமிர்த்தினாள். கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி சாய்த்தாள். அவள் மணிக்கட்டு அவ்வளவு நேரம் ஓயாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. மை-லிஸை அழைத்தாள். மை-லிஸ் வாங்கிச் சாய்த்தாள். அவளும் கீழே வைக்கவில்லை.

நான் எழுந்து நின்றுவிட்டேன். பெரியவர் பதறி எழுந்து, மயக்கம் வருகிறதா, தலையைக் குனிந்துகொள் என்றார்.

"இல்ல," என்றேன். "திரளல."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் முன்பின் தெரியாதவரைக் கட்டிப்பிடிக்கிற வழக்கம் கிடையாது. பாவம், மனிதர் அசையாமல் நின்றார்.

கதவைத் திறந்துகொண்டு மை-லிஸ்தான் முதலில் வந்தாள், ரொட்டித் தட்டோடு. "காலையிலேர்ந்து ஊர் ஊரா போன் போட்டோமே," என்றாள். "கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கோம். இந்தா, தின்னு. வெண்ணெய்க்குப் பசிக்கும்."

தூவா வந்து என் எதிரே உட்கார்ந்தாள். சட்டப்படி, ரத்த தானக்காரரிடம் சொல்லும் தொனியில், என்னுடையது மிக அரிதான வகை என்றும், பர்சில் எப்போதும் அதற்கான அட்டை வைத்திருக்க வேண்டும் என்றும், இது இன்னும் பெரிய லேபில் உறுதியாக வேண்டும் என்றும் சொன்னாள். பச்சை குத்தி எவ்வளவு காலம் ஆயிற்று என்று கேட்டாள். மற்றச் சோதனைகள் சரியாக இருந்தால் அடுத்த வாரமே ஒரு பை எடுக்கலாம். ஆனால் ஒருவரிடமிருந்து ஒரு தடவை ஒரு பைதான். சொல்லிக்கொண்டே பேனாவால் படிவத்தை நிரப்பினாள்.

"கூடப் பிறந்தவங்க உண்டா?"

"ஆறு பேர்."

பேனா நின்றது. "ஒரே அப்பா, ஒரே அம்மா?"

"எங்க வீடு கண்டிப்பான தேவாலயச் சபை. டிவி கிடையாது," என்றேன்.

தூவா சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அப்பா வழியாக ஒரு மரபணு, அம்மா வழியாக ஒரு மரபணு வந்தால்தான் இந்த ரத்தம் அமையும். எனவே உடன் பிறந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. ஆறு பேர் என்றால் ஒருவராவது தேறலாம், இரண்டு பேர்கூடத் தேறலாம். இதை நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் மனத்துக்குள் கணக்குப் போட்டோம் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அங்கேயே போனை எடுத்து மேல் மாடிக்குப் பேசினாள். "அந்தத் தேதியை அழிச்சிடாதீங்க. சாயங்காலத்துக்குள்ள மறுபடி பேசறேன்."

நான் பிர்கரைப் பிடித்தேன். பின்னால் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது.

"என்னடா, தேறலையா?" என்றான், சந்தோஷத்தை மறைக்காமல். "சீட்டைத் துடைச்சு வைக்கட்டுமா?"

"இயந்திரத்தை அணைச்சுட்டுக் கிளம்பி வா. உன் ரத்தம் வேணும்."

"சின்ன வயசுலேர்ந்து குடிச்சியே, பத்தலையா?"

விஷயத்தைச் சொன்னேன். யாருக்கு என்று சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. நம் பக்கத்து ஆள் ஒருவருக்கு என்று மட்டும் சொன்னேன். பிறகு இயந்திரம் நின்ற சத்தம் கேட்டது. தங்கைகளுக்குத் தானே சொல்லிவிடுவதாகவும், போகிற வழியில் தம்பியையும் ஏற்றிக்கொள்வதாகவும் சொன்னான். பிர்கர் வேலை நாளில் இயந்திரத்தை அணைப்பது என்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெரியவர் இன்னொரு பிஸ்கட்டை நீட்டினார்.

அப்புறம்தான் எனக்கு என் கதை நினைவுக்கு வந்தது. மை-லிஸ் உள்ளே போய்விட்டாள். தூவா காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் வார்த்தை தவறாதவள். இலையுதிர் காலம் என்று சொன்னால் இலையுதிர் காலம்தான். என் ரத்தம் அரிதானது என்பதற்காக என் கை சுத்தமாகிவிடாது. இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தூவா, நீ ஊத்தினியான்னு கேட்டே. நான் தெரியலன்னேன்."

"ஆமா."

"அப்ப நான் திரும்ப வரணுமா?"

காகிதங்களைக் கீழே வைத்தாள். "ரத்தத்துக்கு மார்க் கிடையாது. அது உங்க அப்பா அம்மா குடுத்தது," என்றாள். பிறகு வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு, கொஞ்சம் மெதுவாகப் பேசினாள். "நான் அன்னிக்கு உன்கிட்ட ஒரு தப்பான சட்டம் போட்டுட்டேன். 'தெரியல'ன்னு சொன்னா தண்டனைன்னு. இன்னிக்கு நீ அந்தச் சட்டத்துக்குப் பயந்து 'நிச்சயமா ஊத்தினேன்'னு சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா?"

"நம்பியிருப்பே."

"நம்பியிருக்க மாட்டேன். நீ பொய் சொல்றேன்னு நினைச்சிருப்பேன். வெறும் சம்பிரதாயம்தானேன்னு குழாயைக் கொட்டிட்டு, மை-லிஸ் ரத்தத்தோட மட்டும் முடிச்சு எழுதியிருப்பேன். அந்த அம்மாவுக்கு ஒரு பைதான் இருந்திருக்கும்."

என் கை கழிவு வாளிவரைக்கும் போனதை நினைத்துக்கொண்டேன். கவிழ்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்க முடியவில்லை.

"கோட்டைப் போட்டுக்கோ," என்றாள் எழுந்தபடி. "உன்னோடதையும் கூடப் பிறந்தவங்களோடதையும் நீ தொடக் கூடாது. ஆனா மத்த வேலையெல்லாம் காலையிலேர்ந்து அப்படியே கிடக்கு. கோடைக்கு அப்புறமும் இங்கதான் இருக்கப்போறே, இப்பவே மூணாவது அலமாரியை உன் பேருக்கு எடுத்துக்கோ."

நான் கோட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். அடுத்த குழாய் யாரோ ஒரு சாதாரண மனிதருடையது. பிளாஸ்மாவை ஊற்றினேன்.